எங்கள் மூன்று வார்டுகளைக் குழித்துறை நகராட்சியோடு சேர்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊராட்சிகளை நகராட்சிகளோடு இணைக்கக் கூடாது என்று மறியலிலும் உண்ணாவிரதத்திலும் இறங்கியவர்களைப் பற்றிய செய்திகளை உங்கள் நாளிதழில் தொடர்ந்து படித்து வருகிறேன். எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறவர்களும் இந்த மாவட்டத்தில் இருக்கிறோம் என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். விளவங்கோடு வட்டத்தில், குழித்துறை நகராட்சியின் எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஓர் ஊராட்சியின் மூன்று வார்டுகளில் குடியிருப்பவர்கள் நாங்கள். ஊராட்சியின் பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். அங்கே பணிபுரியும் நான்கைந்து பேர் மீது எங்களுக்கு வருத்தம் எதுவும் கிடையாது. கைக்கு அடங்காத வேலையை அவர்கள் தலையில் ஏற்றி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

எங்கள் சாலையில் ஒரு கலுங்கு, அதாவது ஓடைக்கு மேல் கட்டிய சிறு பாலம், உண்டு. குழித்துறை நகராட்சிக்குள் இருக்கும் மார்த்தாண்டம் பக்கமிருந்து வரும் சாலைக்குப் புதிதாகப் போட்ட தார், அந்தக் கலுங்கின் வடக்குக் கைப்பிடிச் சுவர் வரை வந்து, கத்தியால் அறுத்தாற்போல் நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே சல்லி பெயர்ந்த பழைய சாலை. காலை ஏழு மணி வாக்கில் நகராட்சியின் பேட்டரி வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். கலுங்குக்கு முன்னால் இருக்கும் கடைசி வீட்டில் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியே வாங்கிக்கொண்டு, அங்குள்ள தென்னை மூட்டிலேயே திரும்பிப் போய்விடும். எங்கள் பக்கத்துப் பெண்கள் சிலர் இரண்டு வாளிகளோடு அந்தக் கடைசி வீட்டு நடையில் போய் நிற்பார்கள். வண்டி ஓட்டுகிறவர் இரக்கமுள்ளவர், பல நாள் வாங்கிக்கொள்வார். மேற்பார்வையாளர் கூட வரும் நாளில் மட்டும், "அக்கா, இது உங்க பஞ்சாயத்துக் கணக்கு, நான் எடுத்தா எனக்குத்தான் கேள்வி வரும்" என்று சொல்லித் தலையைக் குனிந்துகொள்வார். பெண்கள் வாளியோடு திரும்பி வருவார்கள். எங்கள் பக்கத்துக்கும் தூய்மைக் காவலர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேர், ஒரு தள்ளுவண்டி, மேட்டிலும் பள்ளத்திலுமாகக் கிடக்கும் ஓர் ஊராட்சி முழுவதும். அவர்கள் எங்கள் ஊடுவழிச் சந்துக்கு வந்து சேரும் நாள் எது என்று எங்களுக்கும் தெரியாது, பாவம், அவர்களுக்கும் தெரியாது. விளைவாக, வாங்கப்படாத குப்பையெல்லாம் கலுங்கின் ஓரத்தில்தான் போய்ச் சேர்கிறது. இதில் எங்கள் தவறும் இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்தக் குப்பை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சென்ற ஐப்பசி மழையில் பார்த்தோம். கலுங்குக்கு அடியிலுள்ள குழாய் அடைத்துக்கொண்டு, ஓடைத் தண்ணீர் சாலைக்கு மேலேறி, தாழ்வாக இருக்கும் வீடுகளுக்குள் புகுந்தது. மார்த்தாண்டம் சந்தைக்கு அருகில் சிறிய ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் வைத்திருந்த காகிதக் கட்டுகளில் பதினொன்று நனைந்து மரப்பலகை போல ஒட்டிக்கொண்டன. அந்த நஷ்டத்தைக்கூடப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஓடைத் தண்ணீர் இறங்கியதுதான் கொடுமை. மூன்று முறை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகும் அந்த வீட்டார் ஒரு மாத காலம் கேன் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். கலுங்கைச் சுத்தம் செய்யச் சொல்லி இரு பக்க அலுவலகங்களிலும் மனு கொடுத்தோம். இரண்டு இடத்திலும் மரியாதையாகப் பேசினார்கள், இரண்டு இடத்திலும் அது அடுத்த பக்கத்து எல்லை என்றே சொன்னார்கள். கடைசியில் நில அளவர் வந்து சங்கிலி பிடித்து அளந்து பார்த்தபோது, எல்லைக்கோடு ஓடையின் நட்டநடுவில் போகிறது என்று தெரிந்தது. அதாவது, வடக்குப் பாதியை ஒரு நிர்வாகமும் தெற்குப் பாதியை இன்னொரு நிர்வாகமும் தூர்வார வேண்டும். இரண்டு முழ அகலமுள்ள ஓர் ஓடையில் பாதியை மட்டும் தூர்வாரும் வித்தை எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாததால், பிள்ளைகளும் பெரியவர்களுமாக நாங்களே இறங்கி அள்ளினோம்.

என் கணக்கு வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்கான உரிமக் கட்டணத்தையும் தொழில் வரியையும் நகராட்சியில் கட்டுகிறேன். வீட்டு வரியை ஊராட்சியில் கட்டுகிறேன். பிள்ளைகள் படித்த பள்ளி, அவசரத்துக்கு ஓடுகிற மருத்துவமனை, பேருந்து ஏறும் இடம், மீன் வாங்கும் சந்தை எல்லாமே நகராட்சிக்குள் இருக்கின்றன. ஆடி அமாவாசைக்கு ஆற்றில் பலி போட்டுவிட்டு, நகராட்சி நடத்தும் வாவுபலிப் பொருட்காட்சிக்குள் நுழையும் கூட்டத்தில் பாதிப் பேர் எங்களைப் போல வெளியூர்க் கணக்கில் இருப்பவர்கள்தாம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அந்த நகரத்தின் சந்தை எப்படி இருக்க வேண்டும், சாக்கடை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதில் எங்களுக்கு ஒரு வாக்குக்கூட இல்லை. வாழ்நாளில் விழித்திருக்கும் நேரம் முழுவதையும் ஓர் ஊரில் கழித்துவிட்டு, தூங்குகிற ஊரில் மட்டும் வாக்களிப்பவர்களாக இருக்கிறோம்.

குமரி மாவட்டத்தில் கிராமம் எங்கே முடிகிறது, நகரம் எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. நெல்லையிலோ தூத்துக்குடியிலோ ஓர் ஊர் முடிந்து, வெட்டவெளி வந்து, பிறகு அடுத்த ஊர் வரும். இங்கே வீட்டுக்கு அடுத்தது விளை (தோப்பு), விளைக்கு அடுத்தது வீடு என்று களியக்காவிளை வரைக்கும் போய்க்கொண்டே இருக்கலாம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள், 82 சதவீதம் பேர் நகர்ப்புறத்தவர்களாகக் கணக்கிடப்பட்டார்கள். சென்னைக்கு அடுத்தபடியாக நகர்மயமான மாவட்டம் இதுதான். இருந்தும் 95 ஊராட்சிகளும் ஏறத்தாழ ஐம்பது பேரூராட்சிகளுமாகப் பிரிந்து கிடக்கிறோம். எங்களை ஒட்டியிருக்கும் குழித்துறை நகராட்சியின் மக்கள்தொகை அதே கணக்கெடுப்பில் 21,307 தான். இதிலும் சிறிய நகராட்சிகள் தமிழகத்தில் அதிகம் இருக்காது. தேசிய நெடுஞ்சாலையையும், அதன் மேல் போகும் நீண்ட இரும்பு மேம்பாலத்தையும், சுற்றியுள்ள அத்தனை ஊர்களுக்குமான சந்தையையும் இருபத்தொரு வார்டுகள் கொண்ட ஒரு நகராட்சி சுமந்துகொண்டிருக்கிறது. சுமையைப் பயன்படுத்துகிறவர்கள் வரி செலுத்தும் எல்லைக்கு வெளியே இருக்கிறார்கள்.

ஓர் இடம் நகர்ப்புறமா என்று முடிவு செய்ய மக்கள்தொகை, நெருக்கம், உள்ளாட்சியின் வருவாய், வேளாண்மை அல்லாத வேலைகளில் இருப்பவர்களின் விகிதம், பொருளாதார முக்கியத்துவம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-கியூ பிரிவு சொல்கிறது. அந்த அளவுகோலை எங்கள் மூன்று வார்டுகள் மீது வைத்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறோம். இங்கே வயல் என்று சொல்ல ஒரு சென்ட் நிலம் இல்லை. வீட்டுப் பின்புறத்தில் நாலு மூடு மரச்சீனியும் (மரவள்ளியும்) ஒரு பலாவும் நிற்கும், அதை வேளாண்மை என்று யாரும் எழுத மாட்டார்கள். கடை ஊழியர்கள், ஆசிரியர்கள், கொத்தனார்கள், வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியவர்கள் ஆகியோரே குடியிருப்பவர்கள். ஊராட்சியின் மற்ற வார்டுகள் அப்படி அல்ல. அங்கே ரப்பர் தோட்டங்கள் இருக்கின்றன, விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஊராட்சியிலேயே இருக்க விரும்புகிறார்கள், இருக்க வேண்டியதும் அதில்தான். அதனால்தான் ஊராட்சி முழுவதையும் சேருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

இந்த மாவட்டத்தில் எல்லைகள் மாறுவது புதிதும் அல்ல. 2004-இல் தமிழகத்தின் பேரூராட்சிகளில் பெரும்பாலானவை சிறப்பு ஊராட்சிகளாக மாற்றப்பட்டன. 2006-இல் அவை மறுபடியும் பேரூராட்சிகள் ஆயின. இரண்டு ஆண்டு இடைவெளியில் பெயர்ப்பலகையை இருமுறை எழுதிய ஊர்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. 2019-இல் நாகர்கோவில் மாநகராட்சி ஆனது. 2021-இல் கொல்லங்கோடும் ஏழுதேசமும் சேர்ந்து கொல்லங்கோடு நகராட்சி உருவானது. 2025 தொடக்கத்தில் 16 மாநகராட்சிகளையும் 41 நகராட்சிகளையும் விரிவாக்கும் திட்டம் வெளியானபோது, பல ஊர்களில் எதிர்ப்பு கிளம்பியது. இவை அனைத்திலும் நான் கவனித்த ஒன்று உண்டு. கோடு எப்போதும் மேலிருந்தே வரையப்படுகிறது. அரசு ஓர் உத்தேச அறிவிக்கையை வெளியிடும், மக்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம், பிறகு இறுதி அறிவிக்கை வரும். வேண்டாம் என்று சொல்ல ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். வேண்டும் என்று கேட்பவர்கள் எந்த வாசலில் போய் நிற்பது?

அமெரிக்காவின் பல மாநிலங்களில், நகர எல்லையை ஒட்டி நிலமோ வீடோ வைத்திருப்பவர்கள் தாங்களே கையெழுத்திட்டு, எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நகர மன்றத்துக்கு விண்ணப்பிக்க முடியும். மன்றம் பொது விசாரணை நடத்தி முடிவு செய்யும். டெக்சாஸ் மாநிலம் 2019-இல் கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு, பெரும்பாலும் அங்கே வசிப்பவர்களின் சம்மதம் இல்லாமல் எந்த நகரமும் எல்லையை நீட்டிக்கொள்ள இயலாது. அவர்களின் முறையை அப்படியே இங்கே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. அங்கே பணக்காரக் குடியிருப்புகள் தங்களுக்கு லாபமான நகரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் தந்திரமும் நடக்கிறது. விண்ணப்பம் என்ற அந்த ஒன்றை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

தாங்கள் எந்த நிர்வாகத்தின் கீழ் இருக்க வேண்டும் என்று கேட்பது இந்த மண்ணுக்கு அந்நியமான பழக்கமும் அல்ல. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய, அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த நான்கு வட்டங்களையும் தமிழகத்தோடு சேர்க்கக் கோரி மார்ஷல் நேசமணி தலைமையில் மக்கள் போராடியதும், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போனதும், 1956 நவம்பர் 1 அன்று இணைப்பு நடந்ததும் நம் பாட்டன்மார் கண்ணால் கண்டவை. அந்தத் தியாகத்தோடு எங்கள் குப்பை வண்டியை ஒப்பிடும் துணிச்சல் எனக்கு இல்லை. ஆனாலும் அதே நவம்பர் 1, 2022 முதல் உள்ளாட்சிகள் தினமாகி, அன்று கிராம சபை கூட வேண்டும் என்று ஆகியிருப்பதால், எங்கள் கோரிக்கையைப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் எங்களுக்குத் தோன்றவில்லை.

இனி, இணைந்தால் என்ன இழப்போம் என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கோரிக்கைக்குக் கையெழுத்து வாங்கப் போனபோது, கலுங்கை அடுத்த மூன்றாவது வீட்டில் இருக்கும் ஒரு பாட்டி, "நீங்க எல்லாரும் படிச்சவங்க மக்கா, நகராட்சியில போய் இருந்துக்குவீங்க. எனக்கு மண்வெட்டி பிடிக்கிற வேலை போச்சுன்னா மருந்து வாங்கித் தாறது யாரு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நூறு நாள் வேலை என்று இன்றும் நாம் சொல்லிக்கொண்டிருக்கும் திட்டம் ஊரகப் பகுதிக்கு மட்டுமே உரியது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் பெயரை மாற்றி, நாள்களின் எண்ணிக்கையை 125 ஆக்கியிருக்கிறதே தவிர, நகராட்சி எல்லைக்குள் அது வருவதில்லை. வீடு கட்ட மூன்றரை லட்சம் ரூபாய் வழங்கும் கலைஞர் கனவு இல்லம் திட்டமும் ஊரகத்துக்கானது. சொத்து வரியும் கூடும். 2022-இல் நகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு 100 சதவீதமும் வரி உயர்த்தப்பட்டதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது சும்மா கிடக்கும் மனைகளுக்குக் காலியிட வரியும் வந்து சேரும். வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே மனை வாங்கிப் போட்டிருப்பவர்களுக்கு இது கசக்கும். எனக்கு அதில் வருத்தமில்லை, அந்த மனைகளில்தான் கோழிக் கழிவு மூட்டைகள் வந்து விழுகின்றன.

பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். எங்கள் மூன்று வார்டுகளில் இந்த வேலைக்குப் போகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. ஆனால் அவர்கள் எல்லோருமே தனியாக வாழும் வயதான பெண்கள். பெரும்பான்மை என்ற பெயரில் அவர்களின் வேலை அட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய் நாங்கள் தார்ச்சாலை வாங்குவது முறையாகாது. தமிழ்நாடு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக இணைக்கப்படும் பகுதிகளுக்கு அதை முதல் நாளிலிருந்தே விரிவாக்கி, இணைப்புக்கு முன்பு வேலை அட்டை வைத்திருந்தவர்கள் அனைவரையும் அதில் நேரடியாகச் சேர்த்தால், எதிர்ப்பில் பெரும்பகுதி தானாகவே அடங்கிவிடும் என்பது என் கணிப்பு. மறியலில் அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் நகராட்சி என்ற சொல்லை வெறுக்கவில்லை, கூலி போய்விடுமே என்றுதான் அஞ்சினார்கள். வரியையும் ஒரே அடியாக ஏற்றாமல், சில ஆண்டுகளுக்குப் படிப்படியாக உயர்த்தலாம்.

குடிநீரைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை, கிணறு இல்லாத வீடு எங்களிடம் குறைவு. தெருவிளக்கும் ஒருவாறு எரிகிறது. வீடுகள் பெருகும் விதம்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. ஐந்து சென்ட், மூன்று சென்ட் என்று துண்டு போட்டு விற்று, ஒவ்வொருவரும் மதிலை ஓர் அடி வெளியே தள்ளிக் கட்டியதில், ஆம்புலன்ஸ் நுழைய முடியாத ஊடுவழிகள் உருவாகிவிட்டன. சென்ற ஆண்டு ஒரு நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்து, நான்கு பேர் தூக்கிக்கொண்டு சாலை வரை ஓடினோம். இனி கட்டப்போகும் வீடுகளுக்காவது நகர அமைப்பு விதிகள் கண்டிப்போடு பொருந்த வேண்டும்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, ஊராட்சி தனி அலுவலரின் பொறுப்புக்குப் போன பிறகு, இரண்டு கிராம சபைக் கூட்டங்களில் இதைப் பேசிவிட்டோம். தோட்டப் பகுதிக்காரர்கள், ஊராட்சியின் வரி வருவாயில் நல்ல பங்கு உங்கள் மூன்று வார்டுகளிலிருந்துதான் வருகிறது, நீங்கள் போய்விட்டால் எங்களுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. பிரிந்து போகும் பகுதிக்காக மீதியுள்ள ஊராட்சிக்குச் சில ஆண்டுகள் ஈடு கொடுக்க அரசு முன்வர வேண்டும். தீர்மானம் நிறைவேறவில்லை, பரிசீலிக்கப்படும் என்று பதிவேட்டில் எழுதப்பட்டதோடு நிற்கிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக, 2025 டிசம்பர் 31-க்குப் பிறகு நிர்வாக எல்லைகளை மாற்ற வேண்டாம் என்று மாநிலங்களுக்குச் சொல்லப்பட்டிருப்பது எங்களுக்குத் தெரியும். கணக்கெடுப்பின் மைய நாளான 2027 மார்ச் 1 கடக்கும் வரை யாரும் கோட்டைத் தொட மாட்டார்கள். 2022-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிவதும் ஏறத்தாழ அதே சமயத்தில்தான். எனவே இந்த இடைக்காலத்தை வீணாக்காமல், ஆக வேண்டிய காகித வேலைகளை இப்போதே முடித்துவைக்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியர், மூன்று வார்டுகளின் புல எண்களையும் வரிக் கேட்புத் தொகையையும் சாலை நீளத்தையும் ஒரு பட்டியலாகத் தொகுக்க உத்தரவிடலாம். குழித்துறை நகர்மன்றம், எங்களை ஏற்றுக்கொள்ளத் தனக்குச் சம்மதமா, சம்மதம் என்றால் எத்தனை பணியாளர்களும் வண்டிகளும் கூடுதலாகத் தேவை என்பதைத் தீர்மானமாகவே சொல்லிவிடலாம். வேண்டாம் என்றால் அதையும் சொல்லட்டும், நாங்கள் வேறு வழி பார்ப்போம். வேலை அட்டை வைத்திருக்கும் பெண்களைத் தனியே அழைத்துப் பேசி, அவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்க வேண்டும். அதற்கெல்லாம் முன்பாக, அடுத்த ஐப்பசி வருவதற்குள் அந்த ஓடையை முழு அகலத்துக்கும் ஒரே நிர்வாகம் தூர்வார வேண்டும். எது என்பதில் எங்களுக்குப் பிடிவாதம் இல்லை.

கையொப்பமிட்ட குடும்பங்களின் பட்டியலையும், கலுங்கின் இரு பக்கத்திலிருந்தும் எடுத்த இரண்டு புகைப்படங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். பட்டியலில் உள்ள பெயர்களை வெளியிட வேண்டாம் என்றும், இடம் போதாவிட்டால் வேறு எந்தப் பகுதியைச் சுருக்கினாலும் வேலை அட்டை பற்றிய பத்திகளைச் சுருக்காமல் வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பாட்டிக்கு அதை வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்